ஸியெமா என்று எழுதிய பெட்டி

டிசம்பர் இருபத்து நான்கு, காலை ஒன்பதரை மணி. பெங்களூர் குக் டவுனில் பெர்னார்டின் வீட்டு ஜெப அறையில் வெள்ளிப் பாலனைக் காணவில்லை.

கண்ணாடி அலமாரி பூட்டியபடி இருந்தது. வெள்ளி மெழுகுவர்த்தித் தண்டுகள் நின்ற இடத்தில் நின்றன. முத்து ஜெபமாலை தொங்கிய இடத்தில் தொங்கியது. நடுவில் இருந்த சிவப்புப் பட்டுத் துணியில் மட்டும், ஒரு குழந்தை படுத்து எழுந்து போனதுபோல் சிறு பள்ளம் தெரிந்தது.

உள்ளங்கையில் அடங்கும் அந்த இயேசு பாலன் பெர்னார்டின் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தில் இருப்பது. மற்ற வீடுகளில் நள்ளிரவுப் பூசை முடிந்துதான் பாலனைக் குடிலில் வைப்பார்கள். இந்த வீட்டில் அந்தி சாயும்போதே வைப்பது வழக்கம். வீட்டு மருமகள் பாலனை ஏந்தி வருவாள், பங்குச் சாமியார் ஜெபம் சொல்வார், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் எல்லாம் முற்றத்தில் கூடி நிற்கும். அன்று மாலை ஐந்தரைக்கும் அவர்கள் வருவார்கள். வந்தவர்களுக்குக் காலித் தொழுவத்தையா காட்டுவது?

பெர்னார்ட் போலீசைக் கூப்பிடவில்லை. தங்கை ஐரினைக் கூப்பிட்டார். ஐரின் போலீஸ் கைரேகைப் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த காம்பவுண்டுக்குள் இதுவரை காக்கிச் சட்டை நுழைந்ததில்லை என்பதில் அண்ணனுக்கு இருந்த பெருமை தங்கைக்கும் இருந்தது.

பத்து மணிக்கு ஐரின் ஆட்டோவிலிருந்து இறங்கினார். ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை, கழுத்தில் மஃப்ளர். முற்றத்தில் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்த லாய்மா அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

லாய்மா பெர்னார்டின் மருமகள். லாட்வியாவில் பிறந்தவள். கம்பெனி வேலையாக ரீகாவுக்குப் போன பிராங்க்ளின் அவளைக் கல்யாணம் செய்து அழைத்துவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பாலன் காணாமல் போனதை அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.

"என்ன அத்தை, மலை ஏறப் போறீங்களா?"

"குளிருதும்மா. உங்க பாஷையில சொல்லுவியே, ஸியெமா."

"இதுவா ஸியெமா?" லாய்மா வைக்கோலைக் கீழே போட்டாள். அவள் மேலே மெல்லிய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றுதான் இருந்தது, அதற்கும் பொத்தான் போடவில்லை. "ஏரி கல்லு மாதிரி ஆகணும். மூக்குக்குள்ள முடி விறைக்கணும். அதுதான் ஸியெமா. இது ருடென்ஸ். எங்க ஊர்ல இலை விழுற மாசம் இப்படி இருக்கும். அதுவும் நல்ல நாள்ல."

"பெங்களூர்க்காரங்க கிட்ட இதைச் சத்தமா சொல்லாதே. எங்களுக்கு மிச்சம் இருக்கிற பெருமையே இந்தக் குளிர் ஒண்ணுதான்."

லாய்மா வந்து கட்டிக்கொண்டாள். ஸ்வெட்டரில் சோப்பும் கிராம்பும் மணத்தன. காலையிலிருந்து கேக் வேலை போலும். சட்டென்று விலகி மூக்கைச் சுளித்தாள்.

"மம்மி, டாடி, பிராங்க்ளின், நீங்க. இந்த வீட்ல எல்லாரும் ஒரே சென்ட்."

ஐரின் தன் சால்வையை முகர்ந்து பார்த்தார். அந்துருண்டை. வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் டிரங்குப் பெட்டியை விட்டு வெளியே வரும் கம்பளி வேறு எப்படி மணக்கும்?

பெர்னார்ட் ஜெப அறை வாசலில் நின்றிருந்தார். ஆறடி உயரம், எழுபது தாண்டியும் சுவர்போல் நிமிர்ந்த முதுகு. "அலமாரிக்கு எத்தனை சாவி, அண்ணா?" என்று ஐரின் கேட்டார்.

"ரெண்டு. ஒண்ணு என் கிட்ட. இன்னொண்ணு திரு இருதயப் படத்துக்குப் பின்னாடி ஆணியில."

"ஆணியில இருக்கிறது யாருக்குத் தெரியும்?"

"வீட்ல எல்லாருக்கும் தெரியும். அந்த எலக்ட்ரிஷியன் பையனுக்கும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு நாளா ஏணி போட்டு ஏறி இறங்கிட்டிருக்கான்."

"கடைசியா எப்பப் பார்த்தீங்க?"

"ராத்திரி ஜெபத்துல இருந்துச்சு. காலையில பாலிஷ் போடலாம்னு வந்தேன். இல்லை."

எலக்ட்ரிஷியன் சீனு நீலசந்திராவைச் சேர்ந்தவன். முப்பது வயது. முன் வராண்டாவில் நட்சத்திரத்துக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தவனை உள்ளே அழைத்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் செத்துப்போனது.

"மேடம், என் பையைக் கொட்டிப் பாருங்க. சட்டையையும் கழட்டவா?"

"வேண்டாம். எப்ப வந்தே?"

"எட்டரைக்கு. சாரே கேட்டைத் திறந்தாரு. அப்புறம் வராண்டாவைத் தாண்டலை மேடம். ஒரு சொம்பு தண்ணி கேட்டேன். அதையும் அந்த வெள்ளைக்காரம்மா வெளியே கொண்டுவந்து குடுத்தாங்க."

"யாராவது பையோட வெளியே போனாங்களா?"

"பிராங்க்ளின் சார் ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போனாரு. வெறுங்கை. நான்தான் ஸ்கூட்டரைத் தள்ளி விட்டேன்."

பெர்னார்ட் உறுமினார். "இவன் சொல்றதை எல்லாம் நம்பிட்டு இருப்பியா?"

"நம்பலை அண்ணா. கேட்டுக்கிட்டேன்." ஐரின் சீனுவைப் பார்த்தார். "போய் நட்சத்திரத்தை மாட்டு. எரியலைன்னா அதுக்கு மட்டும்தான் உன்னைப் பிடிப்பேன்."

சமையலறையில் மௌரீன் நாற்காலியில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குக் கல்கல் உருட்டிக்கொண்டிருந்தார். பெர்னார்டின் மனைவி. கல்யாணமான வருடத்திலிருந்து பாலனை ஏந்தி வந்தவர் அவர்தான். இந்த வருடம் அந்த உரிமை லாய்மாவுக்குப் போகிறது. ஐரின் சுற்றி வளைக்கவில்லை.

"மனசு கஷ்டமா இல்லையா, அண்ணி?"

மௌரீன் உருட்டுவதை நிறுத்தவில்லை. "இல்லைன்னு சொன்னா நம்புவியா? கொஞ்சம் இருக்கு. ஆனா முட்டியைப் பாரு, பூசணிக்காய் மாதிரி. பாத்ரூம் படி ஏறவே செவுத்தைப் பிடிச்சுக்கணும். பாலனைத் தூக்கிட்டு விழுந்தா நல்லாவா இருக்கும்?"

"யார் முடிவு பண்ணினது?"

"பிராங்க்ளின்தான். 'லாய்மா தூக்கலைன்னா அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நாங்க இந்த வீட்ல இருக்க மாட்டோம்'னு உங்க அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னான். அவரும் சரின்னுட்டாரு."

"உடனேயா?"

"உடனே எங்கே? போன ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேஜையில, உங்க ஊர்ல கிறிஸ்துமஸுக்கு என்ன பேருன்னு நான்தான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம கேட்டேன். ஸியெமஸ்ஸ்வேட்கின்னு சொன்னா. அர்த்தம் கேட்டா, ஸியெமான்னா வின்டராம், குளிர்காலப் பண்டிகையாம். உங்க அண்ணன் தட்டைத் தள்ளிட்டு எழுந்துட்டாரு. 'கர்த்தர் பேரையே காணோமே, இது என்ன பண்டிகை?'ன்னாரு. அந்தப் பொண்ணு முகம் இவ்வளவாப் போச்சு. அடுத்த நாள்தான் சரின்னாரு."

பதினொன்றரை மணிக்குப் பிராங்க்ளின் மார்க்கெட்டிலிருந்து திரும்பினான். இனியும் மறைக்க முடியாது என்று அவனுக்கும் லாய்மாவுக்கும் விஷயம் சொல்லப்பட்டது. லாய்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போது பெர்னார்ட் தொண்டையைக் கனைத்தார்.

"சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். காலையில ஏழு மணி இருக்கும், மாடிக்குப் போனேன். இவங்க ரூம் கதவு திறந்திருந்துச்சு. லாய்மா அந்தப் பெரிய பெட்டியைத் திறந்து வெச்சுக்கிட்டு இருந்தா. ஸியெமான்னு எழுதியிருக்குமே, அந்தப் பெட்டி. இதோ போட்டிருக்காளே, இந்த ஸ்வெட்டரை அதுல இருந்துதான் எடுத்தா. என்னைப் பார்த்ததும் படக்குனு மூடிட்டா."

"நான் அதைத் திறக்கவே இல்லை," என்றாள் லாய்மா.

"திறந்ததை என் கண்ணால பார்த்தேன்."

"டாடி!" என்று பிராங்க்ளின் கத்தினான்.

"கத்தாதே. பெட்டியைப் பார்த்துடுவோம். ஒண்ணும் இல்லைன்னா நான் மன்னிப்புக் கேட்கிறேன்."

எல்லோரும் மாடிக்குப் போனார்கள். மௌரீன் ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினார். பீரோவின் தலையில் நீலப் பெட்டி இருந்தது. அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் ஸியெமா என்று மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது. கைப்பிடி அவர்களைப் பார்த்தபடி இருந்தது. பெர்னார்ட் கைகளை உயர்த்தி, பெட்டியின் அடியில் இரு பக்கமும் தாங்கி, ஏணையிலிருந்து குழந்தையை எடுப்பதுபோல் அப்படியே இறக்கிக் கட்டிலில் வைத்தார்.

பிராங்க்ளின் ஜிப்பை இழுத்தான். உள்ளிருந்து அந்துருண்டை வாடை கண்ணில் அடித்தது. மௌரீன் இருமினார்.

"நான் குடுத்ததுதான். ஒரு பாக்கெட்டை அப்படியே கொட்டச் சொன்னேன்."

மேலே ஒரு செம்மறித் தோல் கோட்டு. அதன் அடியில் உள்ளே ரோமம் வைத்த பூட்சுகள். ஓரத்தில், பனிக்கட்டியில் வழுக்காமல் இருக்கக் காலணியில் மாட்டும் முள் பட்டைகள். பிறகு கனத்த கம்பளிக் கையுறைகள். எல்லாவற்றையும் அழுத்தித் திணித்திருந்ததால் மூடி திறந்ததும் கோட்டு தானே எழுந்து உட்கார்ந்தது. இடது கையுறைக்குள் ஏதோ கனத்தது. பிராங்க்ளின் கவிழ்த்தான். வெள்ளிப் பாலன் கட்டிலில் உருண்டது.

குனிந்து பாலனை எடுத்த ஐரினின் கண்ணில் கட்டிலுக்குக் கீழே இருந்த துணிப்பை பட்டது. பாதி திறந்திருந்தது. ஒரு கம்பளிக் கை வெளியே தொங்கியது. அதிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி ஏதோ எழுதியிருந்தது.

முதலில் பேசியவர் பெர்னார்ட்தான். குரலில் கோபமே இல்லை.

"சரி, கிடைச்சிருச்சு. ஜனவரியில ஊருக்குப் போறவ, அங்க காட்டலாம்னு ஆசைப்பட்டிருப்பா. தெரியாத பொண்ணு. இந்த அறையை விட்டு இது வெளியே போகக் கூடாது. நான் மன்னிச்சுட்டேன். இந்த வருஷமும் மௌரீனே பாலனைத் தூக்கட்டும். யாராவது கேட்டா, லாய்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கலாம்."

"நான் திருடலை," என்றாள் லாய்மா. அழவில்லை. அவள் முதுகும் நிமிர்ந்துதான் இருந்தது. "செய்யாததுக்கு மன்னிப்பு எனக்கு வேண்டாம். பிராங்க்ளின், நான் போறேன்."

"நானும்தான். அத்தை, இனி இந்த வீட்டு வாசலை மிதிச்சேன்னா கேளுங்க."

ஐரின் கதவருகே போய் நின்றுகொண்டார். "நாலு மணி வரைக்கும் யாரும் எங்கேயும் போகக் கூடாது. இந்தக் குடும்பத்துப் பேர்ல ஒருத்தியைத் திருடின்னு சொல்லியாச்சு. அது உண்மையான்னு தெரியாம சாயந்திரம் அந்தக் குடில் முன்னாடி என்னால நிக்க முடியாது. அதுக்கப்புறம் யார் போறதுன்னாலும் கதவை நானே திறந்து விடுறேன்."

எல்லோரையும் கீழே அனுப்பிவிட்டு, லாய்மாவை மட்டும் இருக்கச் சொன்னார். பெட்டியை மூடி நகர்த்துவதற்காகக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். அதன் ஒரு முனை கழன்று கையோடு வந்தது.

"ஏர்போர்ட்ல உடைஞ்சது. ஒட்டிப் பார்த்தேன், நிக்கலை. பார்த்தா நல்லா இருக்கிற மாதிரி இருக்கும்."

"பிராங்க்ளினுக்குத் தெரியுமா?"

"அவன்தான் வந்த அன்னிக்கு மேலே வெச்சான். வேற யார் கிட்டயும் சொல்லலை. எதுக்குச் சொல்லணும்? அதை இறக்கவே இல்லையே."

"கீழே இருக்கிற பையில என்ன எழுதியிருக்கே?"

லாய்மா அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "ருடென்ஸ்."

ஐரின் குனிந்து பையை இழுத்தார். மெல்லிய ஸ்வெட்டர்கள், ஒரு பருத்திச் சால்வை, ஒரு மழைக் கோட்டு. மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். சோப்பு வாசனை. நீண்ட நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். விடை கிடைத்தவர் முகமாக அது இல்லை. பல் பிடுங்கப் போகிறவர் முகமாக இருந்தது.

நான்கு மணிக்கு எல்லோரும் ஹாலில் கூடினார்கள். நீலப் பெட்டியும் துணிப்பையும் நடுவில் இருந்தன. சீனு தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு மெல்ல வெளியேறப் பார்த்தான்.

"நில்லுப்பா," என்றார் ஐரின்.

"குடும்ப விஷயம், ஐரின்," என்றார் பெர்னார்ட்.

"காலையில சந்தேகப்பட்டப்போ உள்ளே கூப்பிட்டீங்க. இப்பவும் இருக்கட்டும். அண்ணா, நீங்க பார்த்ததை இன்னொரு தடவை சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. இந்தப் பெட்டியைத் திறந்தா. இதோ இந்த ஸ்வெட்டரை எடுத்தா."

"அண்ணி, என் சால்வையை மோந்து பாருங்க."

"அந்துருண்டை," என்றார் மௌரீன்.

"அண்ணன் ஸ்வெட்டரை?"

"அதேதான்."

"லாய்மாவோடதை?"

மௌரீன் மருமகளின் தோளில் முகத்தை வைத்தார். நிமிர்ந்தபோது கண்கள் விரிந்திருந்தன. "கிராம்பு. சோப்பு."

"இந்தப் பெட்டிக்குள்ள ஒன்றரை வருஷம் இருந்த கம்பளியை இன்னிக்குக் காலையில எடுத்துப் போட்டிருந்தா, அவ பக்கத்துல நின்னா நமக்குத் தும்மல் வரும். இந்த வீட்லயே அந்துருண்டை வாசனை இல்லாத கம்பளி அவளோடது மட்டும்தான். காலையில என் சால்வையை மோந்து அவளே மூக்கைச் சுளிச்சா. இந்த ஸ்வெட்டர் அந்தப் பெட்டியில இருந்து வரலை. வந்திருக்கவும் முடியாது. உள்ளே என்ன இருந்துச்சுன்னு எல்லாரும் பார்த்தோம். உறைஞ்ச ஏரி மேல நடக்கிறவங்க போடுறது. பெங்களூர்ல அதைப் போட்டுக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனா கூட்டம் கூடும்."

பிராங்க்ளினுக்கு அப்போதுதான் விளங்கியது. "ருடென்ஸ் பை!"

"ஆமாம். டிசம்பர்னா நமக்கு வின்டர். ஸியெமான்னா வின்டர்னு இவ மேஜையில சொன்னா. அதைக் கேட்டவர் என்ன நினைச்சார்? குளிர்காலத் துணி எல்லாம் ஸியெமா பெட்டியில இருக்கும், இந்த மாசம் இவ தினமும் அதைத் திறப்பா, அதுல ஒரு பொருள் கிடைச்சா இவதான் வெச்சிருக்கணும்னு நினைச்சார். வார்த்தைக்கு அர்த்தம் தெரிஞ்சுது. அதை இவ எப்பச் சொல்லுவா, எப்பச் சொல்ல மாட்டான்னு தெரியலை. நம்ம ஊர்க் குளிரை இவ ஒரு நாளும் ஸியெமான்னு சொன்னதில்லை. இந்தக் குளிருக்கு இவ திறக்கிறது கட்டிலுக்குக் கீழே இருக்கிற பையைத்தான்."

மௌரீன் மெதுவாகச் சொன்னார். "என்னைக் காப்பாத்த இவர் பொய் சொல்லியிருப்பாரோ? நான் செஞ்சேன்னு நினைச்சு?"

"நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன், அண்ணி. அப்படி இருக்கணும்னு ஜெபம்கூடப் பண்ணினேன். பீரோ தலையில இருக்கிற பெட்டியை இந்த முட்டியோட உங்களால இறக்க முடியாது. சீனு வராண்டாவைத் தாண்டலைன்னு சொன்னதை விடுங்க, அவனுக்கு லாய்மா மேல என்ன பகை? பிராங்க்ளின் தன் பொண்டாட்டியைத் தானே மாட்டி விடுவானா? பாக்கி ஒருத்தர்தான்." ஐரின் பெட்டியைக் காட்டினார். "சீனு, இதைத் தூக்கு."

சீனு வந்தான். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினான். அது கையோடு வந்தது. பயந்துபோய்த் திரும்பினான். "மேடம், நான் உடைக்கலை!"

"முன்னாடியே உடைஞ்சதுதான். நானும் அதைத்தான் பிடிச்சேன். கைப்பிடி இருக்கிற பெட்டியை யாரும் அப்படித்தான் தூக்குவாங்க. காலையில அண்ணன் மட்டும் அதைத் தொடலை. அடியில ரெண்டு கையும் கொடுத்து இறக்கினார். ஏற்கெனவே ஒரு தடவை இறக்கி, அது கையோட வந்ததைப் பார்த்தவர்தான் அப்படிச் செய்வார்." ஐரின் ஒரு மூச்சு விட்டார். "பாலனை எடுத்து அங்க வெச்சது நீங்கதான், அண்ணா."

பெர்னார்ட் மறுக்கவில்லை. பொய்யை இரண்டு முறை சொன்னவருக்கு, மூன்றாம் முறையும் சொல்லத் தான் வளர்ந்த விதம் இடம் கொடுக்கவில்லை.

"திருடின்னு வெளியே சொல்லணும்னு நினைக்கலை," என்றார். "உள்ளேயே முடிச்சிடலாம்னு... பிராங்க்ளின் கிட்ட முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. கர்த்தர் பிறந்த நாளைக் குளிர்காலப் பண்டிகைன்னு சொல்றவ கையில எங்க தாத்தாவோட பாலனைக் குடுக்கவும் மனசு வரலை."

"குடும்ப கௌரவம்னுதானே போலீசைக் கூப்பிடலை," என்றார் ஐரின். "அதைக் கெடுத்தது யாரு?"

பெர்னார்ட் எழுந்தார். மருமகள் முன்னால் போய் நின்றார். அந்த முதுகு வளைந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. இப்போதும் அதிகம் வளையவில்லை, தலை மட்டும் தாழ்ந்தது.

"தப்பு என்னோடது. மன்னிச்சிடும்மா." பிறகு சீனுவின் பக்கம் திரும்பினார். "நீயும்."

சீனு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கைப்பிடியைப் பார்த்தான்.

பிராங்க்ளின் கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

"டாடி," என்றாள் லாய்மா. "எங்க ஊர்ல டிசம்பர்ல மூணரை மணிக்கு மேல இருட்டு. கிராமத்துல பக்கத்து வீடுகூடத் தெரியாது. அந்த இருட்டுல எங்க அப்பா மெழுகுவர்த்தி பிடிச்சுக்கிட்டு முன்னாடி நடப்பார், நாங்க சர்ச்சுக்குப் போவோம். பேர்ல ஸியெமா இருக்கு. போறது யாரைப் பார்க்கன்னு எங்களுக்கும் தெரியும்." மேஜையில் இருந்த பாலனைப் பார்த்தாள். "நான் தூக்குறேன். ஆனா நீங்க மெழுகுவர்த்தி பிடிச்சு எனக்கு முன்னாடி நடக்கணும். எல்லாரும் பார்க்கணும்."

பிராங்க்ளின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மௌரீன் அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

ஐந்தரைக்கு முற்றம் நிறைந்தது. சீனு சுவிட்சைப் போட்டான், நட்சத்திரம் எரிந்தது. பெர்னார்ட் வெள்ளித் தண்டில் மெழுகுவர்த்தியை ஏற்றி, காற்றுக்குக் கையை அணைகொடுத்து முன்னால் நடந்தார். பின்னால் லாய்மா சிவப்புப் பட்டில் பாலனை ஏந்தி வந்தாள். ஒரு முறை சுடர் அணையப் பார்த்தது. பெர்னார்ட் நின்றார். லாய்மாவும் நின்றாள். சுடர் நிமிர்ந்த பிறகு இருவரும் நடந்தார்கள்.

ஜெபம் முடிந்தது. பங்குச் சாமியார் கல்கல் தட்டை வாங்கிக்கொண்டு கைகளைத் தேய்த்தார்.

"என்ன குளிர், என்ன குளிர்! இந்த வருஷம்தான் சரியான வின்டர். இல்லையாம்மா?"

லாய்மா வாயைத் திறந்தாள். ஐரினைப் பார்த்தாள். ஐரின் மஃப்ளரை இழுத்து வாயை மறைத்துக்கொண்டார்.

அதற்குள் பெர்னார்ட் குறுக்கிட்டார். "இல்லை, சாமி," என்றார், மெழுகுவர்த்தியை இன்னும் கீழே வைக்காமல். "இது ருடென்ஸ்."